சுழி பார்த்துக் குதிரை வாங்குறோம்... முதுகு பார்த்துச் சேணம் வாங்குறோமா?

ஆடி மாசம் பிறந்தா உங்க ஃபோனுக்குள்ளேயும் அந்தியூர் வந்துடும். ஈரோடு மாவட்டம், அந்தியூர் பக்கம் புதுப்பாளையத்துல குருநாதசுவாமி கோயில் தேர்த்திருவிழா, அதையொட்டி நடக்கிற குதிரைச் சந்தை. வெள்ளை வெளேர்னு நிக்கிற நுக்ரா, காது நுனி உள்பக்கமா வளைஞ்ச மார்வாரி, கத்தியவார், மேளத்துக்கு ஆடுற நாட்டியக் குதிரை என்று ரீல்ஸ் முழுக்கக் குளம்புச் சத்தம்தான். திப்பு சுல்தான் தன் படைக்குக் குதிரை பிடிச்ச சந்தை இது என்று ஊரில் பெருமையாகச் சொல்வார்கள்.

அடுத்த தடவை அந்த ரீல்ஸைப் பார்க்கும்போது ஒண்ணை மட்டும் கவனியுங்க. குதிரை வாங்க வந்தவர் என்னென்ன பார்க்கிறார்? முதல்ல சுழி. நெத்தியில எத்தனை, கழுத்துல எங்கே, வீட்டுக்கு ஆகுமா ஆகாதா. அப்புறம் வாயைத் திறந்து பல்லைப் பார்த்து வயசு. உயரம், நிறம், காது, நடை. பேரம் லட்சத்தில் நடக்கும். எல்லாம் முடிஞ்சு, கிளம்புற நேரத்துல கயிறும் கடிவாளமும் தொங்குற கடைப் பக்கம் ஒதுங்கி, "ஏனுங்ணா, அந்த சிவப்பு சேணம் என்ன விலைங்க?" என்று ஒரு கேள்வி. பணம் கைமாறும், சேணம் வண்டியில் ஏறும். அதைச் சுமக்கப்போகிற குதிரையோ எங்கேயோ மரத்தடியில் கட்டிக் கிடக்கும்.

செருப்புக் கடைக்குப் போனா ரெண்டு கால்லயும் போட்டு, நாலு எட்டு நடந்து பார்க்காம நாம யாராவது வாங்குவோமா?

கோவையைச் சுற்றிக் குதிரையேற்றம் பணக்கார வீட்டுப் பொழுதுபோக்கு என்ற நிலை மாறிக்கிட்டு வருது. புறநகர்ப் பள்ளிகளில் வார இறுதி வகுப்புக்கு ஐ.டி. பசங்க வர்றாங்க, மில் வேலைக்காரர் வீட்டுப் பிள்ளைகள் வர்றாங்க. பொள்ளாச்சி, தாராபுரம் பக்கத் தோட்டங்களில் காங்கேயம் காளைக்குப் பக்கத்தில் ஒரு மார்வாரி நிற்பது இன்று அதிசயம் இல்லை. கார் கண்ணாடியில் தீரன் சின்னமலை குதிரை மேல பாயுற ஸ்டிக்கர் ஒட்டின தலைமுறை, இப்போ நிஜக் குதிரை மேலேயே உட்கார ஆசைப்படுது. நல்ல விஷயம்தான். ஆனா குதிரை வர்ற வேகத்துக்குக் குதிரையைப் பற்றிய அறிவு வரவில்லை. அது எங்கே பளிச்சுன்னு தெரியுதுன்னா, சேணத்துல.

இது நம்ம மண்ணுக்குப் புதுசும் இல்லை. 13-ம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ, இங்கே ஒரு மன்னர் ஆண்டுக்கு 2,000 குதிரைகளைக் கப்பலில் வரவழைக்கிறார், ஆண்டு முடிவதற்குள் 100 கூட மிஞ்சுவதில்லை, அவற்றைப் பராமரிக்கத் தெரிந்த ஆள் இல்லை என்று எழுதி வைத்திருக்கிறார். ஊர் சுற்றுகிறவர்கள் சொல்கிற கணக்கில் கொஞ்சம் மிகை இருக்கும், விடுங்க. குதிரையைக் காசு கொடுத்து வாங்கிவிடலாம், பழக்கத்தைக் கப்பலில் இறக்க முடியாது என்பது மட்டும் 700 வருஷம் கழிச்சும் மாறலை.

சேணம் என்பது மெத்தை இல்லை

நம்மில் நிறைய பேருக்கு சேணம் என்றால் நாம உட்காருற சீட். புல்லட்டுக்கு சீட் கவர் மாத்துற மாதிரி நிறம் பார்த்து, மெத்துமெத்துன்னு இருக்கான்னு அழுத்திப் பார்த்து வாங்குறோம். உண்மையில் அதன் முதல் வேலை உங்களை உட்காரவைப்பது அல்ல. உங்க எடையை முதுகெலும்பின் மேல விழாம, அதன் ரெண்டு பக்கத்துத் தசை மேல பரப்பி விடுறதுதான்.

தோலை உரிச்சுப் பார்த்தா உள்ளே ஒரு சட்டம் இருக்கும். மரத்திலோ செயற்கைப் பொருளிலோ செய்தது. அதை 'ட்ரீ' என்பார்கள். அதன் முன்பக்கம் தலைகீழ் 'வி' மாதிரி விரிந்து, குதிரையின் தோளுக்குப் பின்னால் இரு பக்கமும் இறங்கும். அந்த விரிவின் அகலம்தான் எல்லாம். குறுகலா இருந்தா துணிக்குப் போடுற கிளிப் மாதிரி ரெண்டு பக்கமும் கவ்விப் பிடிக்கும். அகலமா இருந்தா முன்பக்கம் சரிந்து, கழுத்து முடியும் இடத்தில் மேடாக எழும்பி நிற்கும் எலும்பின் மேலேயே உட்கார்ந்துவிடும். குதிரைக்காரர்கள் 'வித்தர்ஸ்' என்று சொல்லும் அந்த மேட்டை நாம தோள்மேடு என்று வெச்சுக்குவோம்.

குதிரையின் உடம்பில் இன்னொரு விசேஷம் உண்டு. அதற்குக் காறை எலும்பு கிடையாது. முன்னங்கால்கள் ரெண்டும் உடம்போடு தசையால் மட்டும்தான் கட்டப்பட்டிருக்கின்றன. கால் முன்னே போகும்போது தோள்பட்டை எலும்பின் மேல்முனை பின்னோக்கிச் சுழலும். சேணத்தின் முன்முனை அந்த எலும்பின் மேல உட்கார்ந்திருந்தா, ஒவ்வொரு எட்டுக்கும் எலும்பு போய் இடிக்கும். ஒரு மணி நேர சவாரியில் எத்தனை எட்டுன்னு நீங்களே யோசிச்சுப் பாருங்க.

இதெல்லாம் கொங்குக்காரர்களுக்குப் புரியாத சமாச்சாரம் இல்லை. ஏர் பூட்டின தாத்தாகிட்ட கேட்டுப் பாருங்க. மாட்டு ஜோடி சேர்க்கும்போது உயரம் ஒத்து வருதான்னு ஏன் அத்தனை பார்த்தாங்க? ஒரு மாடு உசரம், ஒரு மாடு குட்டைன்னா நுகத்தடி சாயும், சாய்ஞ்ச பக்கத்துக் கழுத்து புண்ணாகும், புண்ணான மாடு பூட்ட நிக்காது. அதே அறிவுதான் இதுவும். கழுத்துக்குப் பதில் முதுகு, நுகத்தடிக்குப் பதில் சேணம். கோயம்புத்தூர் பம்ப் பட்டறையில ஷாஃப்டுக்கும் பேரிங்குக்கும் நடுவுல தலைமுடி அளவு பிசகினாலும் "இது ஓடாதுங்க"ன்னு திருப்பி அனுப்புற ஊர்க்காரங்க நாம. உயிருள்ள முதுகுக்கு மட்டும் 'ஃப்ரீ சைஸ்' எப்படி ஒத்துக்கிட்டோம்?

சட்டம் 1965-லேயே சொல்லிடுச்சு

சேணம் எப்படி உட்காரணும் என்று இந்தியாவில் சட்டமே இருக்கு. மிருகவதைத் தடுப்புச் சட்டம் 1960-ன் கீழ், இழுவை மற்றும் சுமை விலங்குகளுக்காக 1965-ல் விதிகள் வந்தன. சேணத்தின் வளைவுக்கும் குதிரையின் தோள்மேட்டுக்கும் நடுவே போதிய இடைவெளி இல்லாமல், அது நேராகத் தோள்மேட்டின் மேல் அழுந்தும்படி யாரும் சேணம் பூட்டக் கூடாது என்று அதில் தனியாக ஒரு விதி உண்டு. முள்ளும் குமிழும் வைத்த கடிவாளத்துக்கும் அதே விதிகளில் தடை. சந்தைகளில் பளபளன்னு தொங்குற சில கடிவாளங்களை உள்பக்கம் விரலால் தடவிப் பாருங்க, ஏன் சொல்றேன்னு தெரியும்.

புண்ணோடு இருக்கும் விலங்கை வேலை வாங்குவதும் 1960 சட்டப்படி குற்றம். தண்டனை? முதல் தடவை 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரை அபராதம். டவுன் பஸ் டிக்கெட்டோடு ஒப்பிடுற தொகை. அதனால் போலீஸ் வந்து உங்க குதிரையின் முதுகைக் காப்பாத்தும்னு காத்திருக்க வேண்டாம்.

அந்த விதியில் 'போதிய இடைவெளி' என்று இருக்கிறதே தவிர எத்தனை சென்டிமீட்டர் என்று இல்லை. உலக அளவில் இப்போ இந்த 'போதிய' என்ற சொல்தான் பிரச்னையாகி இருக்கு. 2024 ஜூலையில், பாரிஸ் ஒலிம்பிக் தொடங்கச் சில நாள் இருக்கும்போது, 3 தங்கம் வென்ற பிரிட்டன் வீராங்கனை சார்லட் டுஜார்டின் பயிற்சியில் குதிரையைச் சாட்டையால் திரும்பத் திரும்ப அடிக்கும் பழைய வீடியோ வெளியே வந்தது. போட்டியிலிருந்து விலகினார், பிறகு ஓராண்டுத் தடை. குதிரை விளையாட்டையே ஒலிம்பிக்கில் வைத்திருக்கலாமா என்ற கேள்வி பெரிதானது. சர்வதேசக் குதிரையேற்ற சம்மேளனம் 2025 மே மாதம் முதல் குதிரையின் மூக்குப் பட்டைக்கு அடியில் 1.5 சென்டிமீட்டர் இடைவெளி இருக்கிறதா என்று ஒரு கருவியைச் செருகி அளக்கத் தொடங்கியிருக்கிறது. 'நல்லாத்தான் பாத்துக்குறோம்' என்று வாயால் சொல்வது போதாது, அளந்து காட்டு என்கிறார்கள்.

நம்ம நாட்டிலும் இந்த விளையாட்டுக்கு நல்ல காலம். 2023-ல் ஹாங்ஜோ ஆசிய விளையாட்டில் இந்திய அணி டிரெஸ்ஸாஜ் பிரிவில் தங்கம் வாங்கியது. குதிரையேற்றத்தில் 41 வருஷத்துக்குப் பிறகு வந்த தங்கம் அது. 2025 ஜூலையில் மீரட் ராணுவக் கால்நடை மையத்தை நோயற்ற குதிரை வளாகமாக உலக விலங்கு நல அமைப்பு ஏற்றுக்கொண்டது. இந்தியக் குதிரைகள் இங்கிருந்தே வெளிநாட்டுப் போட்டிகளுக்குப் போக இது ஒரு கதவு. அந்தக் கதவுக்கு அந்தப் பக்கம் அளக்கிற கருவியோடு ஆள் நிக்கிறார். இந்தப் பக்கம் நாம இன்னும் நிறம் பார்த்துச் சேணம் வாங்கிட்டு இருக்கோம்.

உங்க கை விரலே போதும்

பிரிட்டனில் சேணம் பொருத்திப் பார்ப்பதற்கென்றே பயிற்சியும் சான்றிதழும் உண்டு. வண்டியில் பத்துப் பதினைந்து சேணத்தைப் போட்டுக்கொண்டு லாயத்துக்கே வந்து, ஒவ்வொன்றாக வைத்துப் பார்ப்பார்கள். நம்ம ஊரில் அப்படி ஒருத்தரைத் தேடிப் பிடிப்பது குதிரைக் கொம்புதான். ஆனா முதல் கட்டப் பரிசோதனையை நீங்களே செய்யலாம். பத்து நிமிஷ வேலை.

குதிரையைச் சமதரையில், நாலு காலும் சதுரமாக இருக்கும்படி நிறுத்துங்க. சரிவான களத்துல நிறுத்தினா எல்லாக் கணக்கும் தப்பும். பேட், துணி எதுவும் போடாமல் வெறும் முதுகில் சேணத்தைத் தோள்மேட்டுக்குக் கொஞ்சம் முன்னால் வைத்து, மெதுவாகப் பின்னுக்குத் தள்ளுங்க. ஓர் இடத்தில் தானாக நிற்கும். அதுதான் அதன் இடம். நம்மாளுங்க பெரும்பாலும் முன்னாடி இழுத்து, தோள்பட்டை மேலேயே கட்டிடுறாங்க. தோள்பட்டை எலும்பின் பின்விளிம்பைத் தடவிக் கண்டுபிடிச்சு, அங்கிருந்து ரெண்டு மூணு விரல் பின்னால் சட்டத்தின் முனை இருக்கிறதா என்று பாருங்க.

அடுத்து பின்பக்கம். குதிரைக்கு 18 ஜோடி விலா எலும்பு. கடைசி விலாவைக் கையால் தொட்டு, அதன் போக்கிலேயே மேலே முதுகு வரை போங்க. சேணத்தின் எடை அந்தக் கோட்டைத் தாண்டக் கூடாது. அதற்குப் பின்னால் விலாவின் தாங்கல் கிடையாது, இடுப்புதான். நம்ம நாட்டுக் குதிரைகளில் முதுகு குட்டையானவை நிறைய. பெரிய உடம்புக் குதிரைக்குத் தைத்த 18 இன்ச் சேணத்தை அதன் மேல போட்டா, கடைசி நாலு விரல் இடுப்பு மேல தொங்கும். உட்காருகிறவருக்கு அது சொகுசு.

இப்போ தோள்மேட்டுக்கும் சேணத்தின் வளைவுக்கும் நடுவே விரலை விடுங்க. ரெண்டு மூணு விரல் போகணும். மேலே மட்டும் இல்லை, பக்கவாட்டிலும். பின்னாலிருந்து குனிஞ்சு பார்த்தா, முதுகெலும்புக்கு மேல ஒரு சுரங்கப்பாதை மாதிரி அந்தக் கடைசி வரைக்கும் வெளிச்சம் தெரியணும். அப்புறம் சேணத்தின் ஒரு பக்கத்தை லேசாக அழுத்தியபடி, அடிப்பக்க மெத்தைக்கும் முதுகுக்கும் நடுவே உள்ளங்கையை முன்னிருந்து பின்னாக நகர்த்துங்க. ஒரே சீரான அழுத்தம் வந்தா நல்லது. முன்னாலும் பின்னாலும் இறுக்கமா இருந்து நடுவுல கை சும்மா போனா, அது பாலம் மாதிரி நிக்குது. உங்க மொத்த எடையும் நாலு மூலையில் இறங்கும். கட்டில் கால் மாதிரி. இதுக்கு நேர்மாறா, நடுவுல மட்டும் பட்டு முன்னும் பின்னும் ஆடினா, ஊஞ்சல். ரெண்டும் வேண்டாம்.

முக்கியமான ஒண்ணு, இதை எல்லாம் ஆள் ஏறி உட்கார்ந்த பிறகு இன்னொரு தடவை பார்க்கணும். ஆள் இல்லாதபோது மூணு விரல் போன இடத்தில், 75 கிலோ உட்கார்ந்ததும் ஒரு விரல் கூடப் போகாம அடைச்சுக்கலாம். ஏறுங்க, நடை, ஓட்டம், பாய்ச்சல் என்று ரெண்டு பக்கமும் சுத்துங்க. பின்னால் நிற்கிற ஒருத்தர் வீடியோ எடுக்கட்டும். சேணம் பின்னால் குதிக்குதா, ஒரே பக்கம் சரியுதா என்று அதில் தெளிவாகத் தெரியும். அப்படி எப்பவும் ஒரே பக்கம் சரிந்தால் உடனே சேணத்தைத் திட்டாதீங்க. பின்னங்காலில் கண்ணுக்குத் தெரியாத நொண்டல் இருந்தாலும் சேணம் அப்படிச் சரியும் என்பது ஆய்வுகளில் தெரியவந்த விஷயம். அது கால்நடை மருத்துவர் பார்க்க வேண்டியது.

கடைசியா வியர்வை. கோவை வெயிலுக்கு அரை மணி நேரம் ஓட்டினா போதும், முதுகில் சேணத்தின் வரைபடமே விழுந்திருக்கும். ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி நனைந்திருந்து, நடுவில் முதுகெலும்புக் கோடு காய்ந்திருந்தா சரி. நனைந்த இடத்துக்கு நடுவுல உள்ளங்கை அளவுக்குத் திட்டாகக் காய்ந்திருந்தா, அங்கே அழுத்தம் அதிகமாகி வியர்வையே வரவில்லை, இல்லைன்னா சேணம் அங்கே படவே இல்லை. எது என்று கையை விட்டுப் பார்த்தா தெரியும். ஏற்கனவே இருக்கும் குதிரையை வாங்கப் போனா, தோள்மேட்டுக்கு ரெண்டு பக்கமும் வெள்ளை முடி புள்ளியா முளைச்சிருக்கான்னு பாருங்க. அது சுழி இல்லை, ராசியும் இல்லை. பழைய சேணம் அழுத்தி, தோலுக்கு நிறம் கொடுக்கிற செல்கள் செத்த தழும்பு. என்னைக் கேட்டா, சந்தையில் நெத்திச் சுழிக்கு முன்னாடி பார்க்க வேண்டியது இதைத்தான்.

'திமிர் பிடிச்ச குதிரை'

வயிற்று வாரை இறுக்கும்போது காதைப் பின்னுக்கு மடக்கும், கடிக்க வரும். ஏறும்போது முதுகைப் பள்ளமாக்கி நகரும். பாய்ச்சல் கேட்டா வாலை விசிறும், பின்னங்காலைத் தூக்கும். லாயத்தில் இதுக்கெல்லாம் ஒரே பெயர்தான் வைத்திருக்கிறார்கள், திமிர். மருந்தும் ஒண்ணுதான், சாட்டை.

சூ டைசன் என்ற பிரிட்டன் கால்நடை மருத்துவர் தன் குழுவோடு சேர்ந்து 2018-ல் ஒரு பட்டியலை வெளியிட்டார். சவாரியின்போது குதிரை காட்டும் 24 நடத்தைகள். இவற்றில் 8 அல்லது அதற்கு மேல் ஒரே குதிரையிடம் தெரிந்தால், அதற்கு எலும்பிலோ தசையிலோ வலி இருக்க வாய்ப்பு அதிகம் என்பது அவர்கள் கண்டது. காது பின்னால் மடங்குவது, வாயைத் திரும்பத் திரும்பத் திறப்பது, வால் விசிறல், தலையை ஒரு பக்கம் சாய்ப்பது எல்லாம் அதில் வரும். நாம் திமிர் என்று சொல்வதில் பாதி அந்தப் பட்டியலில் இருக்கு. வலிக்குதுன்னு சொல்ல அதுக்கு வேற மொழி தெரியாது.

இது குதிரைக்கு மட்டுமான ஆபத்து இல்லை. வலி தாங்காம துள்ளுற குதிரை மேல உட்கார்ந்திருக்கிறது நீங்க.

புதுசு வாங்கறதுக்கு முன்னாடி

ஒரே சேணத்தை வைத்து இது சரியா என்று கேட்டால் பதில் கிடைக்காது. மூணு நாலை அடுத்தடுத்துப் போட்டுப் பார்த்தாத்தான் வித்தியாசம் தெரியும். கிளப்பில் இருப்பவை, நண்பரிடம் இருப்பவை என்று கேட்டு வாங்குங்க. வேற ஆளோட சேணம் அழுக்காகாம இருக்க மெல்லிய பருத்தித் துணி ஒண்ணு போதும், தடிமனான பேட் போட்டா உண்மை மறைஞ்சுடும். ஒவ்வொன்றிலும் குதிரை முதல் ஐந்து நிமிஷம் எப்படி நடக்குதுன்னு பாருங்க. தலையைத் தாழ்த்தி, முதுகைத் தளர்த்தி, எட்டு நீளமாச்சுன்னா அதுவே உங்களுக்குப் பதில் சொல்லிடுச்சு. நீங்க உட்கார்ந்த சொகுசை அப்புறம் பார்த்துக்கலாம்.

ஆன்லைனில் ஆர்டர் போடுறவங்களுக்கு ஒரு வழி இருக்கு. இந்தியாவில் சேணம் என்றால் கான்பூர். ஆங்கிலேயர் காலத்தில் ராணுவத்துக்குச் சேணம் செய்ய அங்கே அரசுத் தொழிற்சாலையே இருந்தது. கான்பூர் சேணத்துக்குப் புவிசார் குறியீடும் உண்டு. அங்கிருந்து உலகம் முழுக்க ஏற்றுமதி ஆகுது. அளவு கொடுத்துத்தான் வெளிநாட்டுக்காரர் வாங்குகிறார், நாமதான் போட்டோவைப் பார்த்து வாங்குறோம். அளவு எடுக்கிறது ரொம்ப சுலபம். வரைபடக் கடையில் வளைகிற ஸ்கேல் கிடைக்கும், இல்லைன்னா எலெக்ட்ரிகல் கடையில் தடிமனான ஒயர் ஒரு மீட்டர். தோள்பட்டைக்கு ரெண்டு விரல் பின்னால் குறுக்கே வைத்து முதுகின் வடிவத்துக்கு அமுக்கி, அப்படியே எடுத்து சார்ட் அட்டையில் வரைங்க. ஒரு சாண் பின்னால் இன்னொன்று. கடைசி விலா பக்கத்தில் ஒன்று. முதுகின் நீளவாக்கில் ஒன்று. கத்திரியால் வெட்டி, தேதி எழுதி வைங்க. சேணக்காரருக்கு இந்த நாலு அட்டையின் படத்தை அளவோடு அனுப்பினா, 'மீடியமா, லார்ஜா' என்ற பேச்சுக்கே வேலை இல்லை. அந்தியூர் சந்தைக்கும் சுருட்டி எடுத்துட்டுப் போகலாம். கடைக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார், அட்டையைச் சேணத்துக்கு அடியில் வைத்துப் பார்க்க யாரும் தடுக்கப் போறதில்லை.

தேதி எதுக்குன்னா, குதிரையின் முதுகு நிரந்தரம் இல்லை. பந்தயத்திலிருந்து ஓய்வு பெற்று வந்த குதிரை மூணு மாசத் தீனியில் வேற உடம்பாகிடும். அஞ்சு வயசுக்குக் கீழ இருக்கிற குதிரை இன்னும் வளர்ந்துட்டே இருக்கும். பசும்புல் காலத்துக்கும் வறண்ட கோடைக்கும் அளவு மாறும். கம்பளி அடைத்த சேணம் என்றால் அடைப்பைக் கூட்டிக் குறைத்துச் சரிசெய்யலாம், சட்டத்தின் அகலம் தப்பென்றால் அதுவும் உதவாது. தப்பான சேணத்துக்கு அடியில் ரெண்டு பேட் போட்டு சமாளிக்கிறவங்களுக்கு ஒரு கேள்வி. ஷூ இறுக்கமா இருக்குன்னு யாராவது இன்னொரு சாக்ஸ் போடுவாங்களா?

பழைய சேணம் வாங்குறதுல தப்பே இல்லை, விலையும் கட்டுப்படியாகும். ஆனா முன்பக்கத்தைத் தொடை மேல வைத்து, பின்பக்கத்தைக் கையால் உங்களை நோக்கி இழுத்துப் பாருங்க. கிரீச்சுன்னு சத்தமோ, நடுவில் மடங்குற மாதிரியோ இருந்தா உள்ளே சட்டம் உடைஞ்சிருக்கு. சும்மா கொடுத்தாலும் வேண்டாம்.

எடைக் கணக்கு ஒண்ணு. ஆளும் சேணமும் சேர்ந்து குதிரையின் எடையில் 20 சதவிகிதத்துக்குள் இருப்பது நல்லது என்பது பொதுவான வழிகாட்டுதல். 2008-ல் அமெரிக்காவின் ஒஹையோவில் நடந்த ஆய்வில் 25, 30 சதவிகிதம் ஏற்றியபோது குதிரைகளின் இதயத்துடிப்பும் தசை வலியும் தெளிவாகக் கூடின. 350 கிலோ நாட்டுக் குதிரை என்றால் 70 கிலோ. சேணம் ஒரு 8 கிலோ என்று கழிச்சா மிச்சம் 62. கண்ணாடி முன்னாடி நின்னு நேர்மையா சொல்லுங்க. (1965 விதிகளும் மட்டக்குதிரைக்கு 70 கிலோ சுமைதான் அனுமதிக்கின்றன.) பெரிய ஆளா இருந்தா பெரிய குதிரையைக் கேளுங்க, அதில் வெட்கப்பட எதுவும் இல்லை.

சொந்தக் குதிரை இல்லையா?

இதைப் படிக்கிற பெரும்பாலானவங்க வகுப்புக்குப் போறவங்களாத்தான் இருப்பீங்க. உங்களுக்கும் இதில் பங்கு இருக்கு. சேர்வதற்கு முன்னால் லாயத்தைச் சுத்திக் காட்டச் சொல்லுங்க. ஒவ்வொரு குதிரைக்கும் தனிச் சேணம், அதன் பெயர் எழுதித் தொங்குதா, இல்லை ரெண்டு சேணம் பத்துக் குதிரைக்குச் சுத்துதா? பேட் உப்புப் பூத்து விறைச்சு நிக்குதா, துவைச்சுக் காயுதா? அப்புறம் குதிரையின் முதுகை நீங்களே தடவிப் பாருங்க, விரல் நுனியால் மெதுவாக. சில குதிரைகள் அப்படியே நிக்கும். சிலது கை பட்டவுடன் முதுகைக் கீழே அமுக்கும். அப்படி அமுக்கினா பயிற்சியாளரிடம், "ஏனுங்க, இதுக்கு முதுகு வலிக்குதுங்களா?" என்று ஒரு கேள்வி. நல்ல பயிற்சியாளர் கோபப்பட மாட்டார், அவரும் தடவிப் பார்ப்பார்.

ஒவ்வொரு குதிரைக்கும் தனிச் சேணம் வைத்தால் செலவு கூடும், கட்டணமும் கூடும். அதையும் மறைக்காமல் சொல்லணும். 'ஒரு மாசம் இவ்வளவுதானா!' என்று ஆச்சர்யப்படவைக்கிற கட்டணத்தில் யாரோ ஒருத்தர் மீதியைக் கட்டிக்கிட்டிருக்கலாம். அந்த ஒருத்தருக்கு நாலு கால்.

ஏற்கனவே புண்ணாகிவிட்டதா? மஞ்சளும் வேப்பெண்ணெயும் தடவி, மேல பஞ்சு வைத்து, மறுநாளே சேணம் பூட்டுறது நிறைய இடத்தில் நடக்குது. எந்த மருந்தும் அழுத்தத்தோடு போட்டி போட்டு ஜெயிக்காது. தோல் முழுசா மூடி, அமுக்கினா குதிரை சுளிக்காம நிக்கிற வரைக்கும் சேணம் வேண்டாம். வீங்கியிருந்தாலோ சீழ் வைத்திருந்தாலோ மருத்துவரைக் கூப்பிடுங்க. நாமக்கல்லிலும் உடுமலைப்பேட்டையிலும் அரசுக் கால்நடை மருத்துவக் கல்லூரிகள் இருக்கு, கொங்கு மண்டலத்தில் எங்கிருந்தும் ரொம்ப தூரமில்லை. அதுவரைக்கும் தினமும் காலையில் கயிற்றைப் பிடிச்சு, வாய்க்கால் கரையில் கூடவே நடங்க. ரீல்ஸ் எடுக்க அதுவும் நல்ல லொகேஷன்தாங்க.